நூஹுவுக்குப் பதில் நான்

எங்கள் வெள்ளிமீன் விளையாட்டுக் கழகத்துக்கு ஓர் ஆட்டக்காரன் வேண்டுமென்றால் முதலில் ஒரு மணப்பெண் வேண்டும். லீக் விதி அப்படி. எந்த ஊரில் ஒருவன் குடியிருக்கிறானோ அந்த ஊர்க் கழகத்துக்குத்தான் அவன் விளையாடலாம். எங்கள் கரையிலோ கலியாணம் முடிக்கிற ஆண்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு பெண்ணுடையது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்த முதல் ஆள் எங்கள் செயலாளர் சீனிமுகம்மதுக் காக்காதான்.

அவருக்குக் கல்முனை பஸாரில் சைக்கிள் சாமான் கடை. மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது அவர் பந்தைப் பார்க்கவே மாட்டார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எந்த வாப்பாவுக்குக் கலியாண வயதில் குமர் இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அந்த வாப்பாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். அடுத்த பருவத்தில் எங்களுக்கு ஒரு புது ஃபுல் பேக் வந்திருப்பான்.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் மீராமுகைதீன் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு இந்த வியாபாரங்களை மெச்சுவதே எங்கள் இரசிகர்களின் முழுநேரத் தொழில். ஆட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள். முனாப் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முனாப் எங்கள் சென்டர் ஃபோவேர்ட். அவன் நல்ல ஓட்டத்தில் இருந்த வருடம் சீனிக்காக்கா அவனை அட்டாளைச்சேனைக்கு மாப்பிள்ளையாக அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஹஸன் என்ற ஒல்லியான ஒருவனை எங்கள் கடற்கரை வீதிக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். ஊரே ஏசியது. பள்ளிவாசலில் சிலர் அவருக்கு ஸலாம் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் முனாப் அவனுடைய மாமியின் கையால் தின்று தின்று, மைதானத்தில் ஓடினால் அவனுக்குப் பின்னால் அவனுடைய வயிறு தனியாக வந்தது. ஹஸனோ மூன்று பேருடைய வேலையை ஒருவனாகச் செய்தான்.

"சீனிக்காக்கா முனாபப் பாக்கல்ல," என்பார் மீராமுகைதீன் காக்கா, தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றியபடி. "முனாப்ட மாமிட கறிச்சட்டியப் பாத்தார். அதுதான் மூள."

அப்போது நான் பகலில் கல்முனையில் ஒரு சீமெந்துக் கடையில் கணக்கெழுதுபவன். மாலையில் அழகரெத்தினம் மாஸ்டரின் கணக்கியல் வகுப்புக்குப் போகிறவன். பந்து விளையாடுகிறவன் அல்லன். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் எழுதப் போகும் வியாபாரத்தில் நானும் ஒரு சரக்கு.

எண்பத்தொன்றாம் ஆண்டு எங்களுக்கு நல்ல கோல் கீப்பர் இல்லை. மருதமுனையின் பொன்னூல் கழகத்தில் நூஹு இருந்தான். நூஹு நெசவுக்காரன். கையால் நெய்த சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பான். பந்து அவனிடம் போனால் திரும்பி வராது. அவனை எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு என்று கடையில் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஏற்ற குமர் எந்த வீட்டில் என்பதைத்தான் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து வந்தபோது கடையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மீராமுகைதீன் காக்கா கேளாமலே எனக்கு ஒரு பால் தேத்தண்ணியும் பணிஸும் கொண்டுவந்து வைத்தார்.

"இரி ஜெமீல். இண்டைக்கு ஒனக்குக் காசில்ல."

"ஏன் காக்கா?"

"ஊருக்காகப் போற ஆளுட்ட காசு வாங்கிறதா?"

"நான் எங்க போறன்?"

ஹஸன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளில் கை போட்டான். "ஒனக்கு இன்னும் செல்லல்லயா? மருதமுனைக்கு, மச்சான். ஒன்ட ராத்தாவுக்கு நூஹுவப் பேசி முடிக்கிறார் சீனிக்காக்கா. நூஹுட உம்மா செல்லிட்டாவாம், மகன் போனா வீட்டில ஆம்புள இல்ல, அதால மகளுக்கு ஒரு மாப்புள தந்தாத்தான் மகனத் தருவன் எண்டு. அந்த மாப்புள நீ."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. என் அக்கா, பரீனா ராத்தாவுக்கு நூஹு. நூஹுவின் தங்கை ஹாஜறாவுக்கு நான். அவன் இங்கே, நான் அங்கே.

"நூஹுவ எடுத்து," என்றார் மீராமுகைதீன் காக்கா, ஒவ்வொரு சொல்லாக ருசித்து, "இவனக் குடுக்கிறார்."

கடை அதிர்ந்தது. மேசையில் அடித்துச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய இரும்பக் குடுத்துப் பவுண் எடுக்கிறார்!"

"இரும்பெண்டாலும் நிறுத்து விக்கலாம்!"

"கோவிக்காத தம்பி, ஒன்னில ஒரு குறையுமில்ல. நீ வெளாடாம இரிந்ததுதான் நீ கழகத்துக்குச் செஞ்ச பெரிய உதவி."

நான் பணிஸை மென்றுகொண்டிருந்தேன். கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. ஆனால் எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நானும் இந்தக் கழகத்தின் இரசிகன்தானே. வேறு யாரையாவது கொடுத்து நூஹுவை எடுத்திருந்தால் நானும் மேசையில் அடித்திருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். வாப்பா மௌத்தாகி நான்கு வருடங்கள். வீட்டில் உம்மா, ராத்தா, நான். எனக்குச் சம்மதமில்லை என்று சொல்வதற்கு மூன்று காரணங்களை வழியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலாவதைச் சொல்வதற்குள் ராத்தா குறுக்கிட்டாள்.

"நீ உடுத்திரிக்கிற சாரன் ஆர்ட?"

"என்ட."

"அத ஆருட்ட வாங்கின?"

குனிந்து பார்த்தேன். அது புதுச் சாரன். போன வாரம் உடுத்ததும் புதுச் சாரன். கொடியில் காய்ந்ததும் புதுச் சாரன். ஓர் ஆண்பிள்ளை மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு பட்டாளம் உடுக்கிற அளவுக்குச் சாரன் குவிந்திருந்ததை நான் அதுவரை யோசிக்கவில்லை. வேலியடியில் நூஹுவின் சைக்கிள் மணி கேட்டால் ராத்தாதான் ஓடுவாள் என்பதையும் யோசிக்கவில்லை.

"நூஹு நல்ல சாரன் நெய்வார்," என்றாள் ராத்தா, பானையைப் பார்த்துக்கொண்டு.

என் உம்மா சபியா பக்கத்தில் நின்றா. சிரட்டை அகப்பையால் கறியைத் துழாவிக்கொண்டிருந்தா.

"நீ மாட்டன் எண்டா அவங்க அவரத் தர மாட்டாங்க," என்றாள் ராத்தா. "நீ என்ன செல்ற?"

என் மூன்று காரணங்களும் அத்தோடு முடிந்தன. சரி என்றேன். மருதமுனை அப்படியொன்றும் தூரமில்லை, அங்கிருந்தும் மாலை வகுப்புக்குப் பஸ் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பொன்னூல் கழகத்தின் செயலாளர் ஷரிபுதீன் காக்கா லேசுப்பட்டவர் அல்லர். முனாப் கதை அவருக்கும் தெரியும். சீனிமுகம்மது ஒருவனைக் கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. நேரே சைக்கிள் சாமான் கடைக்கு வந்து, "இந்தப் பொடியன் ஆரு? இவன் என்ன வெளாடுவான்?" என்று கேட்டிருக்கிறார்.

சீனிக்காக்கா வெற்றிலையை மாற்றிக்கொண்டு, "லெஃப்ட் விங். நாங்க இன்னும் வெளியில எடுக்கல்ல," என்றாராம்.

"எண்டா, ஒரு நாள் எங்கட கிறவுண்டில வெளாடிக் காட்டட்டும். மறுகாக் கலியாணத்தக் கதைப்பம்."

செய்தி கேட்டு நான் சீனிக்காக்காவிடம் ஓடினேன். "காக்கா, எனக்குப் பந்தடிக்கத் தெரியாது!"

"தெரியும், மனே."

"எண்டா ஏன் அப்பிடிச் சென்னீங்க?"

"ஒரு மணித்தியாலம் சமாளி. ஓடு. கைய ஆட்டு. பந்து வந்தா விலகி நில்லு. ஒன்ட ராத்தாட முகத்த நினச்சிக்க."

ராத்தாவின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் போனேன். அதுதான் என்னை நடுங்க வைத்தது.

மருதமுனைக் கடற்கரை மைதானம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஊரே வந்து நின்றது. தறிகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. பக்கத்து வீடுகளின் வேலி ஓலைகளுக்குப் பின்னால் பெண்கள் நிற்கும் அரவமும் கேட்டது. நடுவர் எங்கள் அழகரெத்தினம் மாஸ்டர்தான். பாண்டிருப்புக்காரர் என்பதால் இரு பக்கத்துக்கும் பொது என்று அவரை அழைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருடைய வாயிலிருந்து விசில் விழுந்தது.

"ஜெமீல்? நீரா லெஃப்ட் விங்?"

"ஓம் சேர்."

"பாத்து ஓடும். நாளைக்கு வகுப்பிருக்கு."

பூட்ஸ் ஹஸனுடையது. முன்பக்கம் பழைய துணி அடைத்திருந்தேன். நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல முயல்கிறேன், ஆனால் எல்லாம் கலந்துதான் நினைவிருக்கிறது. ஓடினேன். விழுந்தேன். பந்தென்று நினைத்து ஒருவனுடைய முழங்காலை உதைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் எழும்பி வந்து எனக்கு மறுமொழி சொல்வதற்குள் ஆட்டம் மறுபக்கம் போய்விட்டது. ஒரு தடவை பந்தை நான் நன்றாகவே கொண்டுபோனேன். மாஸ்டர் விசில் ஊதியபோதுதான் கோட்டுக்கு வெளியே, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

கடைசி நேரத்தில் எப்படியோ பந்து என் காலடியில் வந்து நின்றது. எதிரே நூஹு. வேறு யாருமில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கும் என் ராத்தாவை முடிக்க வேண்டும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நான் காலைத் தூக்குவதற்கு முன்பே அவன் வலப்பக்கமாகப் பாய்ந்து மணலில் நீட்டி விழுந்து, கண்ணை மூடிக்கொண்டான். இடப்பக்கம் முழுதும் எனக்காகத் திறந்து கிடந்தது. ஒரு குழந்தை தவழ்ந்து போய்ப் பந்தை உள்ளே தள்ளியிருக்கலாம்.

நான் உதைத்தேன். பந்து பக்கவாட்டில் எழும்பி, மக்களைத் தாண்டி, மணலைத் தாண்டி, இழுத்து வைத்திருந்த ஒரு தோணிக்குள் விழுந்தது. என் வலது பூட்ஸும் அதன் பின்னால் போனது.

ஊரின் தலைகள் எல்லாம் தோணிப் பக்கம் திரும்பின.

அழகரெத்தினம் மாஸ்டர் ஆட்டத்தை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "கணக்கில ஐந்தொகை சமப்படாட்டி எங்கேயோ ஒரு பிழை இருக்கும் எண்டு படிப்பிச்சன். உம்மட ஆட்டத்தில பிழை மட்டும்தான் இருக்கு."

ராத்தாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாய்ந்தமருதுக்கு நடந்து வந்தேன், பஸ்ஸில் ஏற மனமில்லாமல். அவள் கேட்கவில்லை. என் உடுப்பைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தேத்தண்ணிக் கடைக்குப் போனால், ஷரிபுதீன் காக்கா மருதமுனையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். என்னை உடனே வேண்டுமாம்.

நடந்தது இதுதான். பொன்னூல்காரர்கள் இரவு முழுதும் கூடி அலசியிருக்கிறார்கள். முதலாவது, இவ்வளவு மோசமாக ஒரு மனிதனால் விளையாட ஏலாது, வேண்டுமென்றுதான் விளையாடியிருக்கிறான். இரண்டாவது, நூஹு. பிறந்த நாளிலிருந்து பிழையான பக்கம் பாயாத நூஹு, இவன் காலைத் தூக்குமுன்பே பிழையான பக்கம் பாய்ந்தான். அப்படியென்றால் இவன் உடம்பை எந்தப் பக்கம் சாய்த்துக் காட்டினான்! காட்டிவிட்டு, கோல் அடித்தால் தெரிந்துவிடும் என்று பந்தைத் தோணிக்குள் அனுப்பினான். மூன்றாவது, சீனிமுகம்மது இவனைத் தராமல் இருக்கப் பார்க்கிறார். மாஸ்டர் உண்மையைச் சொன்னபோது, நடுவரையும் சீனி வளைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. ராத்தாவின் கலியாணம் தப்பியது என்று நினைத்தேன். ஆனால் சீனிக்காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நூஹுவ ஏமாத்தினியாமே?"

"இல்ல காக்கா. அவர் வேணுமெண்டு பாஞ்சார்."

"நூஹுவா? வேணுமெண்டா?" யோசித்தார். "ஷரிபுதீன் ஒரு மடயன் இல்ல. அவன் இப்பிடி அடம் பிடிக்கிறான் எண்டா, ஒன்னில ஏதோ கண்டிரிக்கான். நான் காணாதது."

"என்னில ஒண்டுமில்ல, அல்லாஹ் சத்தியமா!"

"கெட்டிக்காரன் இப்பிடித்தான் செல்லுவான்," என்றார் மீராமுகைதீன் காக்கா. கடையில் எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு என்னைவிட இரும்பு மேல் என்று சிரித்தவர் இன்றைக்கு என் காலைக் குனிந்து பார்த்தார்.

சீனிக்காக்கா விலையை ஏற்றினார். நூஹு மட்டும் போதாது, அவர்களுடைய ரைட் பேக்கும் எங்கள் ஊரில் ஒரு பெண்ணை முடிக்க வேண்டும் என்றார். ஷரிபுதீன் காக்கா முடியாது என்றார். ஆள் போனது, ஆள் வந்தது. கடையில் இரசிகர்கள் பரவசத்தில் இருந்தார்கள். "ஒண்டுமில்லாததுக்கு ரெண்டு பேர்! இவர் மனிசனில்ல!" எனக்குத் தேத்தண்ணி தொடர்ந்து இலவசம். கலியாணப் பேச்சு மட்டும் நின்றுபோனது.

நூஹுவின் சைக்கிள் மணியும் நின்றுபோனது. பேச்சு முடியும்வரை சாய்ந்தமருதுப் பக்கம் போகக்கூடாது என்று ஷரிபுதீன் காக்கா அவனைத் தடுத்திருந்தார்.

"ஒன்ட காலால என்ட வாழ்க்க தோணிக்குள்ள போச்சி," என்றாள் ராத்தா.

"நான் என்ன செய்யிற? உண்மையச் சென்னாலும் நம்பிறாங்க இல்ல."

"நல்லா வெளாடியிரிந்தா ஒருத்தரும் சந்தேகப்பட்டிரிக்க மாட்டாங்க. நூஹு அவ்வளவு இடம் விட்டார்!"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். ராத்தா அழுது நான் வாப்பாவின் மௌத்து வீட்டுக்குப் பிறகு பார்த்ததில்லை.

உம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. அன்றைக்கு இரண்டு சட்டி இனிப்புத் தொதல் கிண்டினா. மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொதலைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினா. எங்கே என்று கேட்டேன். "ஒரு சோலி," என்றா.

அஸருக்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தா.

"முடிஞ்சி."

"என்ன முடிஞ்சி உம்மா?"

"ரெண்டு கலியாணமும். நாளும் வெச்சாச்சி."

"சீனிக்காக்காவும் ஷரிபுதீன் காக்காவும்…"

"அவங்களுக்கு என்னத்துக்கு? வீடு குடுக்கிறது நான். அங்க வீடு குடுக்கிறது நூஹுட உம்மா அஸீஸா. அவங்களா குடுக்கிறாங்க?"

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. "பந்தப் பத்தி ஒண்டும் கேக்கல்லயா?"

"கேட்டா. ஒங்கட மகனும் பந்து வெளாடுவாரோ எண்டு கேட்டா."

"நீங்க?"

"அவனுக்குத் தெரியாதெண்டு சென்னன்." உம்மா குவளையை வைத்தா. "அல்ஹம்துலில்லாஹ் எண்டா. இவ்வளவு காலமும் கோல் கீப்பர்ட உடுப்புக் கழுவினவ, பாவம்."

ராத்தா கதவுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள்.

"கடைல போய்ச் செல்லட்டா?" என்று கேட்டேன்.

"ஏன்? அவங்க பாட்டுக்கு வெளாடட்டும்."

நான் தினமும் கடைக்குப் போய் என் இலவசத் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனிக்காக்கா ரைட் பேக்கை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக லெஃப்ட் பேக்கைக் கேட்டார். பிறகு அதையும் விட்டார். கடைசியில் ஒரு புதுத் தோல் பந்தில் வந்து முடிந்தது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "சபியா, கஷ்டப்பட்டு முடிச்சிட்டன்," என்றார்.

உம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டா. "நீங்க இல்லாட்டி இது நடந்திரிக்குமா, காக்கா."

நூஹு எங்கள் வீட்டுக்கு வந்தான். முதல் ஆட்டத்தில் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. கடையில் சீனிக்காக்காவைத் தூக்கித் தோளில் வைத்தார்கள் என்று கேள்வி. நான் அதைப் பார்க்கவில்லை. என் பெட்டியோடு மருதமுனையில் இருந்தேன்.

நிக்காஹ் முடிந்த அன்றைக்கே ஹாஜறாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குப் பந்தடிக்கத் தெரியாது, ஒளித்து வைத்த திறமை ஒன்றுமில்லை, உங்கள் ஊர் ஏமாந்துவிட்டது. இதைச் சொன்னால் என்னைப் பற்றி அவள் என்ன நினைப்பாள் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நான் வேலிக்குப் பின்னால நிண்ட நான்," என்றாள். "ஒங்கட பூட்ஸ் எங்கட சாச்சாட தோணிக்குள்ளதான் விழுந்த."

மறுநாள் காலையிலேயே வாசலில் இருமல் கேட்டது. ஷரிபுதீன் காக்கா. கையில் ஒரு சோடி புதுப் பூட்ஸ். நான் எழும்பப் பார்த்தேன். ஹாஜறா கையைக் காட்டி என்னை இருத்திவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தாள்.

"மாப்புள எழும்பிட்டாரா, புள்ள? வெள்ளிக்கிழம வெள்ளிமீனோட மெச்."

"அவர் இந்த வருசம் வெளாட மாட்டாராம், மாமா."

"ஏன்?"

"இப்பவே எடுத்தா அவங்க பாத்துப் பழகிருவாங்களாம். சும்மா பெஞ்சில இரிக்கிறாராம். அவரக் கண்டு அவங்க பயப்பட்டுக்கிட்டே வெளாடட்டுமாம்."

வெளியே பூட்ஸை வாசற்படியில் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு ஷரிபுதீன் காக்கா மெதுவாக, பெரும் மரியாதையோடு, "மாஷா அல்லாஹ்," என்று சொன்னது கேட்டது. செருப்புச் சத்தம் உற்சாகமாகத் தெருவில் போனது.

ஹாஜறா பூட்ஸை உள்ளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"காலப் போட்டுப் பாருங்க. அளவா இரிந்தா அடுத்த வருசமும் ஏமாத்தலாம்."